அன்னைக்கு முறை யாருது

ஐப்பசி 8, சனி

மலை சரிஞ்சு கீழ இருந்த வீட்டு மேல விழுந்துச்சே, அதுக்கு அடுத்த வருஷம் இது. தீபாவளி முடிஞ்சு அஞ்சாம் நாள். தனம் டிபன் கடை போட்டு மூணாவது மாசம். என் தாடிக்கு வயசு முப்பத்தி நாலு.

காலையில தூறல். மலை பாதிக்கு மேல தெரியல. மாவு ஆட்டினேன். ஆறு குடம் தண்ணி. அடுப்பு துடைச்சது. வெங்காயம், மிளகாய், வாழை எலை எல்லாம் நறுக்கினது தனம். நான் கத்தி தொடறதில்ல. வேலூர் ஜெயில்ல இருந்து வெளிய வந்த அன்னைக்கு எடுத்த முடிவு. சவரக்கத்தி கூட இல்ல. தாடி அதனால தான், பக்தியால இல்ல.

பள்ளிக்கூடத்து வாசப்படி மிதிச்சதில்ல. எழுத்து உள்ள இருக்கும்போது வந்தது. செவுத்துல, கரிக்கட்டையில. ஒரு வரிக்கு ஒரு பீடி நேரம் ஆவுது இன்னமும். தனத்துக்கு அதுவும் தெரியாது. அதனால அவ முன்னாடியே ஒக்காந்து எழுதறேன். இன்னா எழுதறன்னு கேட்டா. மளிகை சீட்டுன்னேன்.

இன்னைக்கு போனது:
இட்லி 31
பொங்கல் பாதி சட்டி
வடை நாய்க்கு

அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதை மேல கடை. பௌர்ணமிக்கு இத்தனை ஜனம் நடக்குதே, நூத்துல ஒருத்தன் நின்னு ரெண்டு இட்லி தின்னா போதும்னு தனம் கணக்கு போட்டா. நானும் தலை ஆட்டினேன். கம்மல் ரெண்டும் போச்சு அதுல. ஆவணி பௌர்ணமிக்கு நாலு பானை சாம்பார் வெச்சா. ஒருத்தன் வரல. பௌர்ணமி அன்னைக்கு இந்தப் பாதை முழுக்க பந்தலுக்கு பந்தல் சும்மா சோறு. காசு குடுத்து எவன் தின்னுவான்? நாங்க இந்த ஊர்ல பொறந்தவங்க. வருஷக் கணக்கா அந்த சோத்துக்கு நானே எலையை நீட்டினவன். கடை போடும்போது மட்டும் ரெண்டு பேர் மண்டையிலயும் அது ஏறல.

எங்க கடைக்கு நேர் எதிர்லயே ஒரு பந்தல். அது முனிரத்தினத்துது. என் பெரியப்பா மகன். முன்ன வேற எங்கயோ போட்டுட்டு இருந்தான், இந்த ஆவணியில இருந்து எங்க எதிர்ல. இடது கையால கரண்டி பிடிப்பான். வலது கை மணிக்கட்டோட இல்ல.

அதை எடுத்தது நான்.


ஐப்பசி 9, ஞாயிறு

வெயில். மாவு புளிச்சிடுச்சு.

கடை வாசல்ல ஒக்காந்திருந்தேன். வெளியூர் பொம்பளை ஒருத்தி என்னைக் கும்பிட்டுட்டு கையில இருபது ரூபா வெச்சுட்டுப் போனா. சாமியார்னு நினைப்பு. வெள்ளைக்காரன் ஒருத்தன் போட்டோ எடுத்தான். தனம் உள்ள இருந்து பார்த்துட்டு, கடையை இழுத்து மூடிட்டு உன்னை ஒக்கார வெச்சாலே லாபம் வரும் போலிருக்குதேன்னா. சிரிச்சா. அவ சிரிச்சு பத்து நாள் ஆவுது.

அந்த இருபதையும் பா. வாங்கிட்டுப் போனான். பா.ன்னா பாஸ்கர், தண்டல்காரன். முழுப்பேரு எழுத கை வலிக்குது, மனசும் வரல. கடை போட அவங்கிட்ட கடன் வாங்கினது. தினம் வருவான், தினம் குடுக்கணும். ஆறு நாளா முழுசா குடுக்கல. வண்டியை விட்டு எறங்காமயே பேசறான். "இன்னா கெழவி, இன்னைக்காவது உண்டா, இல்ல அடுப்பைத் தூக்கட்டுமா?"

தனத்தை என் எதிர்ல கெழவின்றான்.

அவன் கழுத்துல வெள்ளி சங்கிலி. சங்கிலிக்குக் கீழ நரம்பு துடிக்கறது தெரியுது. நான் ஒக்காந்த எடத்துல இருந்து ஒரு கை தூரம். மனசு தானா அளந்துடுது. வேணாம்னாலும் அளக்குது.


ஐப்பசி 10, திங்கள்

வேங்கிக்கால், கலெக்டர் ஆபீஸ். மனு குடுக்கற நாள். தனமும் நானும் ஏழு மணி பஸ். வாசல்ல போலீஸ் பையைத் தடவிப் பார்த்தாங்க, மண்ணெண்ணெய் கொண்டாந்திருக்கமான்னு. பையில ரெண்டு இட்லியும் மல்லாட்டைச் சட்னியும், வேர்க்கடலை அரைச்சது. போலீஸ் பொண்ணு மோந்து பார்த்துட்டு, நல்லா இருக்குது ஆயான்னுச்சு. கடைக்கு வாம்மான்னு தனம் அங்கயும் யாவாரம்.

வெளிய மரத்தடியில மனு எழுதறவர். என் பொண்டாட்டி புதுசா கடை வெச்சிருக்கா, ஓடல, தாக்குப் பிடிக்க ஒத்தாசை வேணும்னு எழுதச் சொன்னேன். அவரு "கருணை கூர்ந்து"ன்னு ஆரம்பிச்சாரு. அது எதுக்குன்னேன். அது இல்லாம மனு நிக்காதுன்னாரு.

உள்ள ஒரு அம்மா. நல்லா பேசினாங்க. பொம்பளைங்க கடைக்கு கடன் இருக்குது, மானியமும் உண்டு, பேங்க்ல குடுப்பாங்க, ஆனா ஜாமீன் போட ஒரு ஆள் வேணும், நெலமோ கடையோ வெச்சிருக்கற ஆளுன்னாங்க. உறவுல யாராவது இருக்காங்களா ஐயா?

தனம் என்னைப் பார்த்தா. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

உங்க மேல கேஸ் ஏதாவது?

இருந்தது, ஏழு வருஷம் உள்ள இருந்து முடிச்சாச்சுன்னேன். அந்த அம்மா கை பேனாவுல நின்னுடுச்சு. என் கையைப் பார்த்தாங்க. எல்லாரும் கையைத் தான் பார்க்கறாங்க, மூஞ்சியைப் பார்க்கறதில்ல.

திரும்பும்போது பஸ்ல தனம் முன்சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வெளிய பார்த்தே சொன்னா, முனிரத்தினத்தைக் கேளுன்னு. டவுன்ல ரெண்டு லாட்ஜு வெச்சிருக்கான், நெலம் இருக்குது. நான் செத்தாலும் மாட்டேன்னேன். செத்தா கேக்க முடியாதேன்னா.


ஐப்பசி 13, வியாழன்

கையெழுத்து கோணலா இருக்கும். ஒரு கையால தனத்துக்கு விசிறிக்கிட்டே எழுதறேன்.

பத்து மணிக்கு பா. வந்தான். கூட இன்னொருத்தன். கடையில மூணு பேர் தின்னுட்டு இருந்தாங்க. தனம் நாளைக்குத் தரேன் தம்பின்னா. அவன் வண்டியை நிறுத்திட்டு எறங்கி வந்து அடுப்பை ஒதைச்சான்.

சாம்பார் சட்டி கவிழ்ந்தது. கொதிச்சுட்டு இருந்த சாம்பார். தனம் வலது கால்ல, கணுக்கால்ல இருந்து விரல் வரைக்கும். அவ கத்தல. "ஐயோ சட்டி"ன்னா. கால் வெந்துட்டு இருக்குது, இவ சட்டியை நிமுத்தறா.

தின்னுட்டு இருந்தவங்க எழுந்து போயிட்டாங்க. ஒருத்தன் காசு குடுக்காமயே.

வெங்காயம் நறுக்கற கத்தி பலகை மேல இருந்தது. எப்ப எடுத்தேன்னு தெரியல. முப்பத்தி நாலு வருஷம் தொடாத சாமான், கைக்குள்ள வந்து ஒக்காந்த விதத்தைப் பார்த்தா நேத்து தான் கீழ வெச்சா மாதிரி. பா. பின்னாடி நகர்ந்தான். கூட வந்தவன் வண்டிகிட்ட ஓடினான். எனக்கு எழுவது வயசு. ஆனா எங்க போடணும்னு கைக்குத் தெரியும். காதுக்குக் கீழ, சாய்ச்சு. பா. கண்ணு ரெண்டும் வெளிய வந்துடுச்சு. நல்லா இருந்தது பார்க்க. அதை எழுதித் தான் ஆவணும். நல்லா இருந்தது.

தனம் தரையில ஒக்காந்த மேனிக்கு, சத்தம் போடாம சொன்னா.

"வெச்சிடு. நீ இன்னொரு தடவை உள்ள போனா நான் வேலூர் பஸ் ஏற மாட்டேன்."

வெச்சுட்டேன்.

பா. போறப்ப சொல்லிட்டுப் போனான், பௌர்ணமிக்குள்ள பாதியாவது வரணும், இல்லன்னா கடையில ஒரு கரண்டி இருக்காதுன்னு. பௌர்ணமி புதன்.

தனம் காலுக்கு ஆஸ்பத்திரியில மருந்து போட்டு கட்டினாங்க. தோலு எலை மாதிரி உரிஞ்சு வந்துச்சு.


ஐப்பசி 14, வெள்ளி

மழை. கடை தொறக்கல. தனம் படுத்திருக்கா. கால் தலகாணி மேல.

மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை வேலூர் பஸ். ஏழு வருஷம். ஒரு மாசம் தவறல. அவளுக்கு அப்ப பதினெட்டு வயசு. அவ அம்மா வீட்டுல வேற எடம் பார்க்கறோம், வாடின்னாங்க. இவ போவல. எதுக்கு போவலன்னா, புருஷன் நியாயத்துக்கு கை ஓங்கினவன்னு நினைச்சா.

நடந்தது இது. எனக்கு ஒரு மயிரளவும் மறக்கல.

நாப்பத்தோரு வருஷத்துக்கு முந்தி, சித்திரை. ஏரியில தண்ணி இல்லாம வண்டிப் பாதை போட்டு நடந்த வருஷம். கிணறு ஒண்ணு, பங்கு ரெண்டு. எங்க அப்பாவுக்கு ரெண்டு நாள் தண்ணி, பெரியப்பா வீட்டுக்கு ரெண்டு நாள். அது தான் முறை. பெரியப்பா செத்து முனி பார்த்துட்டு இருந்தான். ரெண்டு கொல்லையிலயும் மல்லாட்டைப் பயிரு. எங்களுது மஞ்சளாயிடுச்சு, அவங்களுதும் மஞ்சளாயிடுச்சு.

காலையில ஒம்பது மணி. நான் வரப்புல கொடுவாளோட முள்ளு வெட்டிட்டு இருந்தேன். கிணத்து மேட்டுல சத்தம். ஓடினேன். அப்பா சேத்துல முட்டி போட்டிருந்தாரு. முனி அவரு தலைமுடியை வலது கையால பிடிச்சு, மூஞ்சியைக் கால்வாயில அமுக்கறான். தூக்கறான். அமுக்கறான். குடிடா, குடி, இந்தத் தண்ணி தானே வேணும், குடின்றான். அவன் தம்பி சேகர் சிரிச்சுட்டு நின்னான். மோட்டார் பார்க்கற நடேசன் கொட்டாயில இருந்து எட்டிப் பார்த்தான். பக்கத்துக் கொல்லை கன்னியம்மா களைக்கொத்தோட நின்னுட்டா. தனம் அப்ப தான் கூழ் எடுத்துட்டு வந்தா. கல்யாணமாகி நாலு மாசம்.

ஒரே வெட்டு. எலும்பு சத்தம் கேக்கல எனக்கு, தண்ணி சத்தம் தான் கேட்டது.

கை தனியா வந்துச்சு. ஆனா அப்பா முடியை விடல. அவரு எழுந்தாரு, அது தலையில தொங்குது. அப்பா கத்தினது இன்னும் இந்த மண்டைக்குள்ள இருக்குது. தனம் கூழ்ச்சட்டியைக் கீழ வெச்சுட்டு வந்து, அந்த விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தா. அதை வரப்பு மேல வெச்சா. அப்புறம் முந்தானையைக் கிழிச்சு முனி கைக்கு இறுக்கிக் கட்டினா. டாக்டரு கோர்ட்டுல சொன்னாரு, அந்தக் கட்டு இல்லன்னா ஆள் இல்லன்னு.

நான் கோர்ட்டுல சொன்னது: அன்னைக்கு முறை எங்களுது, தண்ணி திருட வந்தவன் அப்பாவை அடிச்சான். சேகர் இல்லன்னான், சொந்தத் தம்பி சொல்றதை யாரு எடுத்துப்பா? நடேசன் தெரியாதுன்னான். கன்னியம்மா பார்க்கலன்னா.

மத்தியானம் தனம் படுத்த மேனிக்கே பேசினா. "முறை நம்மளுது. அது ஊருக்கே தெரியும். வெட்டினது தான் தப்பு, அதுக்கு உள்ள இருந்துட்டு வந்துட்ட. நாம தலை குனிய இன்னா இருக்குது? போய் கேளுய்யா. தரலன்னா போறான்."

கஞ்சி ஆறுதுன்னேன்.

இந்த நோட்டுல மட்டும் எழுதறேன். அன்னைக்கு எங்க ரெண்டு நாள் முடிஞ்சு மூணாவது நாள். முறை எங்களுது இல்ல. மடையைத் திருப்பினது அப்பா. முந்தின நாள் சாயங்காலமே எங்கிட்ட சொன்னாரு, நாளைக்கு ஒரு மணி நேரம் திருப்பிக்கறேன், அந்நேரத்துக்கு அவன் டவுனுக்குப் போயிருப்பான்னு. நான் சரின்னேன்.


ஐப்பசி 16, ஞாயிறு

கடை தொறந்தது. தனம் நாற்காலியில ஒக்காந்து இட்லி ஊத்தறா, நான் எலை போடறேன். இட்லி 22.

செய்யக்கூடியது எது எது:
1. பா.வைப் போட்டுடறது
2. கடையைக் குடுத்துட்டு பிச்சை எடுக்கறது. தாடி ரெடி.
3. முனி

ஒண்ணாவது தான் சுலபம். மனசு திரும்பத் திரும்ப அங்க போய் ஒக்காருது. பா. சாயங்காலம் நாலு மணிக்கு டீக்கடை பின்னாடி ஒண்ணுக்குப் போவான். தனியா. சோப்பு போடும்போது கையைப் பார்த்தேன். நரைச்ச மயிரு, ஆனா நரம்பு அப்படியே தான் இருக்குது.

தனம் கால்ல நீர் கோத்திருக்குது. வலிக்கலன்றா. வலிக்கலன்னு சொல்லும்போது உதட்டைக் கடிக்கறா.


ஐப்பசி 17, திங்கள்

போனேன்.

எதிர் பந்தல் தான், நாப்பது அடி. நாப்பத்தோரு வருஷமா தாண்டாத நாப்பது அடி. பௌர்ணமிக்கு சாமான் வந்து எறங்கிட்டு இருந்தது. அரிசி மூட்டை, பெரிய அண்டா ரெண்டு, பூசணிக்காய் மலை மாதிரி. முனி நாற்காலியில. தலை வெள்ளை. வேட்டி சுத்தமா இருந்தது. வலது பக்கம் முழுக்கை சட்டையை மடிச்சு ஊக்கு குத்தியிருக்குது.

சமையல்காரன் வரல போல. போன்ல திட்டிட்டு இருந்தான். என்னைப் பார்த்து போனை வெச்சான். ரொம்ப நேரம் பார்த்தான். நான் அண்ணேன்னேன்.

"டேய் ஏழுமலை. ஒத்தைக் கைக்காரன் எதிர்ல ரெண்டு கையை வெச்சுக்கிட்டு சும்மா நிக்காத. அந்தக் கத்தியை எடு, பூசணிக்காய் வெட்டு. உனக்கு நல்லா வருமே."

மூட்டை தூக்கறவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க.

நான் கத்தி தொடறதில்லண்ணேன்னேன். போன வியாழக்கிழமை தொட்டியாமே, ஊரே பார்த்துதேன்னான்.

எடுத்தேன். கீழ ஒக்காந்தேன். அவன் நாற்காலியை இழுத்து என் பக்கத்துலயே போட்டுக்கிட்டான், முழங்கால் என் தோள்ல இடிக்கற தூரம். நான் வெட்ட வெட்ட பார்த்துட்டே இருந்தான். பூசணிக்காய் பொளக்கற சத்தம் ஒரு மாதிரி. மெத்துனு எறங்கி அடியில நிக்கும். முதல் காயைக் கண்ணை மூடிட்டு வெட்டினேன். பத்தாவது காய்ல கை தானா போச்சு. சொன்னா வெட்கம், சந்தோஷமா இருந்தது. நாப்பது காய் இருக்கும்.

நடுவுல பா. வந்தான். கடையில நான் இல்லன்னு தேடி வந்திருக்கான். யோவ் தாடின்னு ஆரம்பிச்சான், கத்தியைப் பார்த்து நிறுத்தினான். முனி ஊக்கைக் கழட்டி சட்டைக் கையை மேல ஏத்தினான். மொட்டை மணிக்கட்டை பா. மூக்குக்கு நேரா நீட்டினான்.

"தம்பி, இதை நல்லா பாத்துக்கோ. இவன் வேலை. ஒரே போடு. அப்ப இவனுக்கு என் மேல இருந்த கோவம் உன் மேல இருக்கறதுல கால்வாசி கூட இல்ல. நீ அவன் பொண்டாட்டி காலைச் சுட்டிருக்க. புதன்கிழமை வா. நான் பேசறேன்."

பா. போயிட்டான். வண்டி ரெண்டு ஒதையில கெளம்பல, தள்ளிக்கிட்டே போனான். மூட்டைக்காரங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். முனியும். சிரிக்கும்போது அவன் பெரியப்பா மாதிரியே இருக்கான்.

அப்புறம் கேட்டேன். கடைக்கு கொஞ்சம் கை குடுக்கணும், பேங்க்ல ஜாமீன் போடணும்னு. தனம் சொல்லிக் குடுத்தா மாதிரியே கேட்டேன்.

முனி சொன்னது, எனக்கு ஞாபகம் இருக்கற மாதிரியே:

ஆஸ்பத்திரியில கெடக்கும்போது வேண்டிக்கிட்டானாம், பொழைச்சா பௌர்ணமிக்கு பௌர்ணமி சோறு போடறேன்னு. அந்த சோறு தான் இது. (அப்ப தனம் கடையை முடக்கறது நான் நாப்பத்தோரு வருஷத்துக்கு முந்தி போட்ட வெட்டு. நடந்து வரும்போது தான் அது ஒறைச்சது.) தனம் கடை போட்டது தெரிஞ்சு தான் பந்தலை இந்தப் பக்கம் மாத்தினானாம். கூட்டம் சேர்ந்தா அவ கடைக்கும் நாலு பேர் போவாங்கன்னு. நான் திகைச்சுப் போய் பார்த்தேன். ஆமாண்டா, சும்மா சோறு போடற எடத்துல காசு குடுத்து எவன் திம்பான்னு எனக்கும் தோணல, நானும் உன் பங்காளி தானேன்னான்.

இனிமே பந்தல் சமையல் தனத்துக்கே. மாசா மாசம் கூலி, பாதி முன்பணம். மத்த நாள்ல அவன் லாட்ஜுல தங்கறவங்களுக்கு காலை நாஷ்டா அவ கடையில இருந்து. பேங்க்குக்கு அவன் கையெழுத்து, இடது கை கையெழுத்து. தண்டலை அவன் பேசி முடிப்பான்.

எனக்குக் கண்ணு மறைச்சுது. கத்தியைக் கீழ வெச்சேன்.

"இரு. அவளுக்குத் தரது எனக்குக் கஷ்டமில்ல. அவ கிழிச்ச துணியில தான் நான் மூச்சு விடறேன். உனக்குத் தான் சும்மா தர மாட்டேன்."

இன்னா வேணும்ணேன்னேன்.

"கை போனது கூட போச்சு. நாப்பத்தோரு வருஷமா இந்த ஊர்ல எனக்கு இன்னா பேரு? தண்ணி திருடினான், கை போச்சு. என் பையனுக்குப் பொண்ணு கேக்கப் போன வீட்டுல இதைச் சொல்லி அனுப்பினாங்க. அன்னைக்கு முறை யாருது, சொல்லு."

உங்களுதுன்னேன்.

"அது எனக்குத் தெரியும்டா. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அன்னைக்கு கிணத்து மேட்டுல நின்னவங்க ஒருத்தர் முன்னாடி சொல்லு. யாரா இருந்தாலும் சரி. நாளைக்கு சாயங்காலம் அடுப்பு பத்த வைக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டு வா. இல்லன்னா வேற சமையல்காரனைப் பிடிச்சுக்கறேன், புதன்கிழமை பா.வும் நீயும் பார்த்துக்கோங்க."

யாரு இருக்காங்கன்னு கேட்டேன். அவன் ஊக்கை எடுத்து சட்டைக் கையை மடிச்சு, பல்லால ஊக்கைப் பிடிச்சு, ஒத்தைக் கையாலயே குத்திக்கிட்டான். நான் பார்த்துட்டு நின்னேன்.


ஐப்பசி 18, செவ்வாய்

வானம் வெளுத்துடுச்சு. மலை உச்சி வரைக்கும் தெரியுது. காலையிலயே ஜனம் நடக்க ஆரம்பிச்சாச்சு. ரெண்டு பேர் என் கால்ல விழுந்தாங்க. நாளைக்கு கோயில்ல சாமிக்கு சோத்தால அலங்காரம்.

தனம் சின்ன வெங்காயம் உரிச்சுட்டு இருக்கா. கால் கட்டு மாத்தியாச்சு. நேத்து இன்னா சொன்னாருன்னு ராத்திரி கேட்டா. யோசிச்சு சொல்றேன்னாருன்னேன். இப்ப மறுபடியும் கேட்டா, முறை நம்மளுதுன்னு எடுத்துச் சொன்னியா, இல்ல பல்லை இளிச்சுட்டு நின்னியான்னு.

வெங்காய நெடிக்கு கண்ணைத் தொடைச்சுட்டு என்னைப் பார்த்தா. நான் நோட்டை எடுத்தேன்.

இன்னைக்கு வேலை:
மாவு, ஆச்சு
தண்ணி ஆறு குடம், ஆச்சு
கேஸ் சிலிண்டர் சொல்லணும்
தனம் மருந்து
சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்

காலையில டீக்கடையில ஒக்காந்து எண்ணிப் பார்த்தேன். விரல் விட்டு.

அப்பா. நான் உள்ள இருக்கும்போதே போயிட்டாரு, மூணாவது வருஷம் ஆடியில. கடைசி வரைக்கும் தலைக்கு எண்ணெய் வைக்க விடமாட்டாராம். யாராவது முடியைத் தொட்டா எழுந்து ஓடுவாராம். தனம் தான் பார்த்துக்கிட்டா.

சேகர். அவலூர்பேட்டை ரோட்டுல லாரி. நான் வெளிய வந்த வருஷம்.

நடேசன். சாராயம். மோட்டார் கொட்டாய்லயே கெடந்தான், ரெண்டு நாள் கழிச்சு பார்த்தாங்க.

கன்னியம்மா இருக்கான்னு நினைச்சுட்டு இருந்தேன். விடிஞ்சதும் அவ பொண்ணு வீட்டுக்குப் போனேன், வேங்கிக்கால்ல. செவுத்துல மாலை போட்ட போட்டோ. கொரோனா வந்த வருஷம் போயிட்டாளாம். காபி குடுத்தாங்க. எதுக்கு வந்தீங்க பெரியப்பான்னு அந்தப் பொண்ணு கேட்டுது. சும்மா தாம்மான்னேன்.

நாலு விரல் மடிச்சாச்சு. முனி நேத்து பதில் சொல்லாம ஊக்கு குத்தினது இப்ப புரியுது. அவனும் எண்ணி வெச்சிருக்கான். நாப்பத்தோரு வருஷமா எண்ணிட்டு இருந்திருக்கான்.

கத்தியில வெட்டினா ஒரு கை தான் போவும். இது ஏழு வருஷ ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் வெட்டும். அவ அம்மா வீட்டுல பார்த்த எடம், பஸ்ஸுல நின்னுட்டே வந்தது, ஊர் முன்னாடி தலை நிமிர்ந்து நடந்தது, எல்லாம் நான் சொன்ன ஒரு பொய் மேல. சொன்னா கடை நிக்கும். அதுக்குள்ள அவ நிப்பாளான்னு தெரியாது. சொல்லாட்டி புதன்கிழமை பா. வருவான், நான் மறுபடியும் கத்தியை எடுப்பேன், அது எனக்கு நல்லா தெரியும்.

இதுல எழுதினா செல்லாது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாயால சொல்லணும்.

எதிர்ல அண்டாவை அடுப்பு மேல ஏத்திட்டாங்க. முனி நாற்காலியை எங்க கடையைப் பார்த்து போட்டிருக்கான்.

அன்னைக்கு கிணத்து மேட்டுல நின்னவங்கள்ல, என்னையும் அவனையும் விட்டா, இன்னும் உசுரோட இருக்கறது தனம்.